ஹை நூன், ரியோ பிராவோ: ஊரைக் காப்பவன் ஊரிடம் உதவி கேட்கலாமா?

பழைய திரை:

ஹை நூன் (1952) இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் 1959இல் ரியோ பிராவோவை எடுத்தார் என்பது வெஸ்டர்ன் படம் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த கதை. தொழில் தெரிந்த மார்ஷல் உதவி கேட்டு ஊர் முழுக்க அலைய மாட்டான் என்பது ஹாக்ஸின் கட்சி. அதில் நடித்த ஜான் வெய்னும் அதே கட்சிதான். 1971இல் கொடுத்த ஒரு பேட்டியில், அமெரிக்காவுக்கே விரோதமான படம் என்று ஹை நூனைச் சாடினார்.

நான் இந்தக் கட்சியை ஏற்கவில்லை. படங்களைப் பார்க்காதவர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஹை நூனில் ஊரின் பெயர் ஹேட்லிவில். மார்ஷல் வில் கேன் (கேரி கூப்பர்) அன்று காலைதான் திருமணம் செய்துகொண்டு, பதவி வில்லையைக் கழற்றி வைத்திருக்கிறார். அவர் பிடித்துக் கொடுத்த ஃபிராங்க் மில்லர் தூக்குக்குத் தப்பி, மன்னிப்பும் பெற்று, நண்பகல் ரயிலில் வருகிறான். கூட்டாளிகள் மூவர் ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள். மனைவியோடு ஊரைவிட்டுக் கிளம்பிய கேன் வழியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறார். நீதிபதி, துணை மார்ஷல், நண்பன், மதுக்கடை, தேவாலயம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். ஒருவரும் கூட வருவதில்லை.

ரியோ பிராவோவில் ஷெரிஃப் ஜான் சான்ஸ் (வெய்ன்) ஒரு கொலைகாரனைச் சிறையில் அடைக்கிறார். அவனுடைய அண்ணன் நேதன் பர்டெட் பெரும் பண்ணைக்காரன். கூலிக்குச் சுடுகிறவர்களைக் கொண்டுவந்து ஊரின் வழிகளை அடைத்துவிடுகிறான். கூட்டாட்சி அரசின் மார்ஷல் வந்து கைதியைக் கொண்டுபோகும்வரை சிறையைக் காக்க வேண்டும். சான்ஸுக்குத் துணை இரண்டு பேர்: குடியிலிருந்து மீளப் போராடும் டூட் (டீன் மார்ட்டின்), காலை இழுத்து நடக்கும் கிழவர் ஸ்டம்பி (வால்டர் பிரென்னன்). பழைய நண்பர் வீலர் ஆள் தருகிறேன் என்கிறார். மனைவி மக்களை நினைத்துக் கலங்குகிற கத்துக்குட்டிகள் எனக்கு வேண்டாம் என்று சான்ஸ் மறுத்துவிடுகிறார்.

கேன் கேட்டதை ஏன் பலவீனம் என்கிறோம்? மில்லர் வந்தால் நாசமாகப்போவது கேனின் உயிர் மட்டுமா? அந்த ஊரும்தானே? ஊரின் காரியத்துக்கு ஊரைக் கூப்பிடுவதில் என்ன கேவலம் இருக்கிறது?

ஸ்டம்பியின் பேரன்:

கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன் ஐயா. ஆனால் சான்ஸ் மறுத்த காரணத்தைப் பாதி மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். பர்டெட்டின் ஆட்கள் கூலிக்குக் கொல்கிறவர்கள். அவர்கள் முன்னால் கடைக்காரனையும் தச்சனையும் கொண்டுபோய் நிறுத்தினால் பிணம் விழும். அந்தப் பிணங்களுக்குப் பொறுப்பு ஷெரிஃப்தான். வீலரையே பாருங்கள். சான்ஸுக்கு ஆள் வேண்டும் என்று மதுக்கடையில் சத்தமாகப் பேசுகிறார். அன்றிரவே தெருவில் சுட்டுக் கொல்லப்படுகிறார்.

இன்னொன்று. ஹை நூனைப் பேசுகிறவர்கள் ரியோ பிராவோவை வெறும் பதிலாகவே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதன் தொடக்கக் காட்சியை மறுபடி பாருங்கள். சில நிமிடங்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது. மழிக்காத முகமும் கிழிந்த உடையுமாக டூட் பின்வாசல் வழியாக மதுக்கடைக்குள் நழுவி வருகிறான். கையில் காசில்லை. வாயைத் துடைத்துக்கொள்கிறான். நேதனின் தம்பி ஜோ பர்டெட் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு வெள்ளி டாலரைத் தரையிலிருக்கும் எச்சில் படிக்கத்தில் போடுகிறான். டூட் குனிகிறான். விரல்கள் நெருங்கும்போது ஒரு பூட்ஸ் கால் வந்து படிக்கத்தை எட்டி உதைத்துத் தள்ளுகிறது. கேமரா கீழேயிருந்து மேலே பார்க்கிறது: சான்ஸ் நிற்கிறார். டூட்டுக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. கட்டையை எடுத்து நண்பனையே மண்டையில் அடித்து வீழ்த்திவிடுகிறான்.

மானம் போன ஒருவனுடைய கதை முழுவதும் இதற்குள் வந்துவிட்டது. அதை வசனமில்லாமல் சொல்லிவிட்டார் ஹாக்ஸ்.

வழக்குமன்றம்:

சட்டத்தின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். ஹாக்ஸின் வாதம் சினிமாவுக்குப் பொருந்தலாம். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டத்துக்குப் பொருந்தாது.

நம்மில் பலருக்கு ஷெரிஃப், மார்ஷல் என்ற பெயர்கள் லயன், முத்து காமிக்ஸ் வழியாகப் பழக்கம். இரண்டும் ஒன்று என்றே நினைத்து வளர்ந்திருப்போம். ஷெரிஃப் என்பவர் ஒரு கவுன்டி முழுமைக்கும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. ஊர் மார்ஷல் அந்த ஓர் ஊருக்கு மட்டும் காவலர். பெரும்பாலும் நகர மன்றம் அமர்த்தும். கூட்டாட்சி மார்ஷல் வாஷிங்டனுக்குக் கட்டுப்பட்டவர். அதனால்தான் கேனுக்கு மன்றத்தின் தயவு தேவைப்படுகிறது. சான்ஸுக்கு அது தேவையில்லை. ஆனால் கைதியை ஒப்படைக்கக் கூட்டாட்சி மார்ஷலுக்குக் காத்திருக்கிறார்.

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்திலிருந்து வந்த ஓர் அதிகாரம் ஷெரிஃபுக்கு உண்டு. குற்றவாளியைப் பிடிக்கவோ அமைதியைக் காக்கவோ, உடல்வலுவுள்ள ஆண்களை அவர் அழைக்கலாம். வெஸ்டர்ன் படங்களில் குதிரையேறிப் புறப்படும் 'பாஸி' கூட்டம் அந்த அதிகாரத்தில் திரட்டப்படுவதுதான். அழைத்தால் வருவது குடிமகனின் கடமை; தக்க காரணமின்றி மறுப்பது குற்றம். கேன் கேட்டது பிச்சை அல்ல. ஊருக்கு ஓர் ஆளை மட்டும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, பெரிய ஆபத்து வந்தால் எல்லோரும் சேர்ந்துகொள்வது என்பதுதான் அன்றைய ஏற்பாடு. ஹேட்லிவில் அந்த ஏற்பாட்டிலிருந்து நழுவியது. அந்த ஊரைக் குறை சொல்லாமல் கேனைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நூலகத்து மூலை:

வழக்குமன்றம் சொன்னதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

1876 செப்டம்பர் 7. மினசோட்டாவின் நார்த்ஃபீல்டில் வங்கியைக் கொள்ளையடிக்க ஜேம்ஸ், யங்கர் சகோதரர்களின் கூட்டம் வந்தது. பெட்டகத்தைத் திறக்க மறுத்த காசாளர் ஜோசப் லீ ஹேவுட் கொல்லப்பட்டார். வெளியே ஊர்க்காரர்கள் கிடைத்த துப்பாக்கிகளோடு திருப்பிச் சுட்டார்கள். கொள்ளையர் இருவர் தெருவிலேயே செத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மடேலியா அருகே யங்கர் சகோதரர்களைச் சுற்றி வளைத்துப் பிடித்ததும் ஒரு பாஸிதான்.

1892 அக்டோபர் 5. கன்சாஸின் காஃபிவில்லில் டால்டன் கூட்டம் ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளுக்குள் நுழைந்தது. யாரோ அடையாளம் கண்டுகொண்டார்கள். ஊர்க்காரர்கள் இரும்புக்கடைகளில் இருந்த துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். கொள்ளையர் நால்வர் இறந்தார்கள். ஊர்ப்பக்கத்திலும் நால்வர் இறந்தார்கள். மார்ஷல் சார்ல்ஸ் கானலி அவர்களில் ஒருவர். கூட்டத்தில் உயிர்தப்பியவன் எம்மெட் டால்டன் மட்டுமே.

கத்துக்குட்டிகளால் ஆகாது என்று சான்ஸ் சொல்கிறார். காஃபிவில்லில் ஆனது. ஆனால் நான்கு பேர் செத்த பிறகு ஆனது. வரலாறு இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

வெட்டும் ஒட்டும்:

நான் படத்தொகுப்பில் வேலை செய்கிறவன். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஹை நூன் ஓடுவது 85 நிமிடம். கதையில் நடப்பதும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான். கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பலரும் சொல்வார்கள். அந்தப் பரபரப்புக்குக் காரணம் கடிகாரம் மட்டுமல்ல. கேன் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடப்பதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். வெறும் நடை. அந்த நடையில் நேரம் கரைவதை நாமே உணர்கிறோம்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் கேன் மேசையில் உட்கார்ந்து உயில் எழுதத் தொடங்குகிறார். ஊசல் ஆடுகிறது. இசையின் தாளத்தில் ஒவ்வொரு வெட்டாக விழுகிறது: தேவாலயத்தில் தலைகுனிந்தவர்கள், மதுக்கடையில் வாய் பேசாதவர்கள், ஸ்டேஷனில் மூவர், தொடுவானம்வரை நீளும் தண்டவாளம். பிறகு மில்லருக்குத் தண்டனை சொன்னபோது அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி. இப்போது அது காலி. கேமரா அதை நோக்கி நகரும்போது ரயிலின் ஊதல். மில்லரின் முகத்தை நாம் அதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒரு காலி நாற்காலியை வைத்தே அவனை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். எல்மோ வில்லியம்ஸுக்கும் ஹாரி கெர்ஸ்டாடுக்கும் கிடைத்த ஆஸ்கர் முழுத் தகுதியோடு கிடைத்தது.

இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு படங்களுக்கும் இசையமைத்தவர் திமித்ரி தியோம்கின். ஒரே ஆள் இரண்டு கட்சிக்கும் வாசித்திருக்கிறார்!

ஸ்டம்பியின் பேரன்:

தியோம்கினைச் சொன்னதால் ரியோ பிராவோவின் தெகுவெல்லோவைச் சொல்லாமல் விட முடியாது. பர்டெட் தன்னுடைய மதுக்கடையில் ஓர் இசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறான். அலமோ கோட்டையை முற்றுகையிட்டபோது மெக்ஸிகோ படை வாசித்த இசை அது, ஒருவரையும் உயிரோடு விட மாட்டோம் என்பது அதன் பொருள் என்று வீலரின் காவலாள் கொலராடோ (ரிக்கி நெல்சன்) விளக்குகிறான். படத்தில் கேட்கும் மெட்டு தியோம்கின் புதிதாக அமைத்தது.

கை நடுக்கம் தாங்காமல் வேலையை உதறிவிட்டு மறுபடி விஸ்கியைக் கிளாஸில் ஊற்றிக்கொள்கிறான் டூட். அப்போது வெளியே அந்த இசை கேட்கிறது. அவன் கேட்கிறான். கிளாஸில் இருந்ததைத் திரும்பப் புட்டிக்குள் ஊற்றுகிறான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நடுக்கம் நின்றுவிட்டது. அச்சுறுத்த அனுப்பிய இசையே அவனை நிமிர்த்திவிட்டது. ஹை நூன் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு மனிதன் எழுந்து நிற்கிற இடம் கிடைக்காது. அந்தப் படத்தில் எல்லோரும் உட்காருகிறார்கள்.

கார்கால வாசகி:

எல்லோரும் உட்காருகிறார்களா? ஏமியையும் ஹெலனையும் மறந்துவிட்டீர்கள் தம்பி.

ஹெலன் ராமிரெஸ் (கேட்டி ஹுராடோ) அந்த ஊரில் சொத்துள்ள மெக்ஸிகோ பெண். மில்லர், கேன், இப்போது துணை மார்ஷல் ஹார்வி என்று மூவருடைய வாழ்க்கையிலும் இருந்தவள். ஊர் அவளுடைய முதலீட்டில் வியாபாரம் செய்யும். ஆனால் அவளைத் தன்னில் ஒருத்தியாக நினைக்காது. கேன் விழுந்தால் இந்த ஊரும் விழும் என்பதை முதலில் புரிந்துகொள்கிறவள் அவள்தான். கடையை விற்றுவிட்டுக் கிளம்புகிறாள். ஹுராடோவுக்குக் கோல்டன் குளோப் கிடைத்தது. அந்த முகத்தில் அவமானமும் கம்பீரமும் ஒன்றாகத் தெரிவதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

ஏமி (கிரேஸ் கெல்லி) குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவள். தந்தையும் அண்ணனும் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டபின், துப்பாக்கியே கூடாது என்று அந்தச் சமயத்தைத் தழுவியவள். ரயிலேறியவள், முதல் வெடிச் சத்தம் கேட்டதும் இறங்கி ஓடி வருகிறாள். ஜன்னல் வழியாக ஒருவனை முதுகில் சுடுகிறாள். சுட்டபின் அவள் முகம் கவிழ்ந்துவிடுகிறது. வெற்றிக் களிப்பு ஒரு நொடிகூடக் கிடையாது. தன் உயிருக்கு மேலாக வைத்திருந்த கொள்கையைக் கணவனுக்காக உடைத்துக்கொண்டவள் அவள். ரியோ பிராவோவின் ஃபெதர்ஸ் (ஆஞ்சி டிக்கின்சன்) எனக்கும் பிடித்தவள்தான். நகைச்சுவையும் துணிச்சலும் உள்ளவள். ஆனால் ரியோ பிராவோவில் எவரும் இந்த அளவுக்கு இழக்கவில்லை.

பழைய திரை:

கார்கால வாசகி எழுதியதைப் படித்ததும், நான் முதலில் சொல்ல வந்த விஷயம் இன்னும் தெளிவாகிறது.

ஹேட்லிவில்லில் கேனுக்கு உதவ முன்வருகிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் வருகிறேன் என்ற ஹெர்ப், தான் ஒருவன்தான் என்று தெரிந்ததும் பின்வாங்கிவிடுகிறான். அவனை விடுங்கள். கடைசிவரை மனம் மாறாமல் வந்தவர்கள் மூவர்: ஒற்றைக் கண் குடிகாரன் ஜிம்மி, பதினாறு வயது என்று சொல்லிக்கொள்ளும் பதினான்கு வயதுப் பையன், ஏமி. முதல் இருவரையும் கேன் திருப்பி அனுப்பிவிடுகிறார். ஜிம்மியின் கையில் காசைக் கொடுத்து, போய்க் குடி என்கிறார். அன்போடுதான் கொடுக்கிறார். ஆனால் ஜிம்மி கேட்டது காசு அல்ல. மறுபடி மனிதனாக நிற்க ஒரு வாய்ப்பு.

இப்போது ரியோ பிராவோ எங்கே தொடங்குகிறது? குடிகாரனுக்கு ஒருவன் குடிக்கக் காசு போடுகிறான். ஷெரிஃப் அதை உதைத்துத் தள்ளுகிறார். பிறகு அந்தக் குடிகாரனையே துணை ஷெரிஃபாக்கிக்கொள்கிறார். குடிகாரன், நொண்டிக் கிழவர், மீசை முளைக்காத இளைஞன், சூதாடுகிறவள் என்று ஊர் ஒதுக்குகிற பெண், மெக்ஸிகோக்கார விடுதிக்காரர் கார்லோஸ். கேன் திருப்பி அனுப்பியவர்களை வைத்தே ஹாக்ஸ் ஒரு படத்தை எடுத்துவிட்டார்.

ஆகவே கேட்பதா கேட்காமலிருப்பதா என்பதில் இந்த இரண்டு படங்களும் பிரியவில்லை. இரண்டிலும் தகுதியுள்ள, சொத்துள்ள, மதிப்புள்ள ஊர்க்காரன் வருவதில்லை. ஊர் எண்ணிக்கையில் சேர்க்காதவர்கள்தான் வருகிறார்கள். வந்தவர்களை என்ன செய்வது என்பதில்தான் கேனும் சான்ஸும் பிரிகிறார்கள்.

ஸ்டம்பியின் பேரன்:

நன்றாகச் சொன்னீர்கள். ஆனாலும் ஒரு தடை. பதினான்கு வயதுப் பையனைத் திருப்பி அனுப்பியது சரிதான். எந்தக் கண்ணியமுள்ள மார்ஷலும் அதைத்தான் செய்வான். கொலராடோ சிறுபிள்ளை அல்ல. வீலரின் வண்டிகளுக்குத் துணைவந்த, துப்பாக்கி தெரிந்த காவலாள். டூட்டும் குடிக்கு முன்னால் திறமையானவன். உன்னால் முடியுமா என்று மட்டுமே சான்ஸ் பார்க்கிறார். அதுதான் ஹாக்ஸ்: தொழில் தெரிந்தவனை மட்டும் சேர்த்துக்கொள்.

கார்கால வாசகி:

அப்படியானால் ஃபெதர்ஸ் எந்தத் தேர்வில் தேறினாள்? விடுதி வாசலில் துப்பாக்கிகளுக்கு நடுவே சான்ஸ் சிக்கிக்கொள்ளும்போது, அவள் பூந்தொட்டியை ஜன்னல் வழியாக வீசி எறிந்ததால்தான் அவர் பிழைக்கிறார். அந்த நொடியில் கொலராடோ சான்ஸிடம் துப்பாக்கியை எறிகிறான். இறுதிச் சண்டைக்கு வராதே என்று சொல்லியும் ஸ்டம்பி வருகிறார். டைனமைட்டை அவர்தான் வீசுகிறார். கார்லோஸும் வருகிறார். ஒருவர் உதவியும் வேண்டாம் என்ற ஷெரிஃப், படம் முழுக்க மற்றவர்கள் உதவியால்தான் உயிரோடு இருக்கிறார். அவர் கொள்கை ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது. எனக்குப் படம் சொல்வதுதான் பிடித்திருக்கிறது.

மலையக நண்பன்:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். ஹை நூன் எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்பதை யாரும் சொல்லவில்லையே. 1951இல் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே திரைக்கதை ஆசிரியர் கார்ல் ஃபோர்மனை அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணைக்கு அழைத்தது. முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். கூட இருந்தவர்களின் பெயர்களைச் சொல் என்றார்கள், மறுத்தார். கூட்டாளிகள் விலகினார்கள். கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு லண்டனுக்குப் போனார். தன்னைச் சுற்றி நடந்ததைத்தான் ஹேட்லிவில்லின் வாயில் வைத்திருக்கிறார்.

தேவாலயத்தில் ஊர்த் தலைவர் ஹென்டர்சன் பேசுவதை அந்தக் காதோடு கேளுங்கள். கேனைப் புகழ்ந்து தொடங்குகிறார். இந்த ஊர் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்கிறார். பிறகு, வடக்கே பணக்காரர்கள் இங்கே முதலீடு செய்ய யோசிக்கிறார்கள், தெருவில் ரத்தம் சிந்தினால் அது கெட்டுப்போகும் என்கிறார். ஆகவே நீங்கள் போய்விடுங்கள் வில், அதுதான் எல்லோருக்கும் நல்லது. இவ்வளவு இனிமையான கைவிடலை நான் வேறு படத்தில் பார்த்ததில்லை.

வெய்ன் கோபப்பட்டதன் வேரும் இங்கேதான். ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்த அமைப்புக்கு அப்போது அவர்தான் தலைவர். விந்தை என்னவென்றால், கூப்பரும் அந்த அமைப்பைச் சேர்ந்தவர். ஆனாலும் படப்பிடிப்பில் ஃபோர்மனுக்கு ஆதரவாக இருந்தார். கூப்பருக்கு ஆஸ்கர் கிடைத்தபோது, வர இயலாத அவருக்குப் பதில் மேடையேறி அதை வாங்கியவரும் இதே வெய்ன்தான்.

எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஃபோர்மன் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்த த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய் (1957) கித்துல்கலவில்தான் படமாக்கப்பட்டது. அதற்கான ஆஸ்கர் அவருக்கும் மைக்கேல் வில்சனுக்கும் இறந்தபிறகே கொடுக்கப்பட்டது.

நூலகத்து மூலை:

இதோடு போலந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1989 ஜூன் 4 தேர்தலுக்குச் சாலிடாரிட்டி இயக்கம் ஒட்டிய சுவரொட்டியில் இருந்தவர் கேரி கூப்பர். துப்பாக்கிக்குப் பதில் கையில் ஒரு தாள். மார்பில் இயக்கத்தின் சின்னம். அமெரிக்காவுக்கே விரோதம் என்று வெய்ன் சொன்ன அதே உருவத்தைக் கம்யூனிஸ்ட் ஆட்சியை வாக்குச்சீட்டால் வீழ்த்தப் புறப்பட்ட மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வழக்குமன்றம்:

கடைசியில் கேன் வில்லையைக் கழற்றி மண்ணில் போடுவதைப் பற்றி யாராவது எழுதுங்கள். சட்டத்தை அவமதித்தார் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டத்தைக் கைவிட்டது ஊர்தான். தங்களுடையதை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஸ்டம்பியின் பேரன்:

எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. கடைசியில் கேனுக்கு வண்டியைக் கொண்டுவந்து கொடுக்கிறவன் அந்தப் பையன்தான். அவன் பார்க்க அதை மண்ணில் போட்டிருக்கக் கூடாது. சான்ஸ் போட மாட்டார்.

பழைய திரை:

பையனைச் சொன்னது சரியான இடம். அதற்கு என்னிடம் இப்போது பதிலில்லை, யோசித்து எழுதுகிறேன். ரியோ பிராவோவின் சாயலிலேயே ஹாக்ஸ் மறுபடி எடுத்த எல் டொராடோவைப் (1966) பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். அதில் ஷெரிஃபே குடிகாரர் (ராபர்ட் மிட்சம்). துணைக்கு வருகிறவர் வெய்ன். தம்பியும் கார்கால வாசகியும் கட்டாயம் அங்கே வர வேண்டும்.